வீட்டுல எல்லாருக்கும் ஒரே பேஸ்ட் போதுமா?

வணக்கம்ங்க. தர்மபுரி பக்கம் ஒரு கிராமத்துல இருந்து ஒரு சகோதரி கேட்டிருக்காங்க: "டாக்டர், எங்க வீட்டுல எல்லாருக்கும் ஒரே பேஸ்ட்தான். எட்டு வயசுப் பொண்ணுக்குப் புதுசா முளைச்ச முன்பல்லுல வெள்ளையா கோடு கோடா இருக்கு. நாலு வயசுப் பையன் பேஸ்ட்டை முழுங்கிடறான். மாமியாருக்குப் பச்சத்தண்ணி பட்டாலே பல்லு கூசுது. யாருக்கு என்ன பேஸ்ட் வாங்கட்டும்?"

இதே கேள்வி வேற ஊர்ல இருந்து வந்திருந்தா நேரா பேஸ்ட்டுக்குப் போயிருப்பேன். தர்மபுரின்னதும் முதல்ல தண்ணியைத்தான் கேக்கணும். குடிக்கிறது ஒகேனக்கல் தண்ணியா, போர் தண்ணியா? ஏன்னா உங்க மாவட்டத்துல, கிருஷ்ணகிரியில எல்லாம் பல இடத்துல நிலத்தடித் தண்ணியிலயே ஃபுளோரைடுங்கிற உப்பு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதுக்காகத்தானே வந்தது. குடிக்கிற தண்ணியில ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல போகக்கூடாது.

இப்ப பொண்ணைப் பாப்போம். நல்ல வெளிச்சத்துல நிக்க வச்சு, முன்பல்லைத் துணியால துடைச்சிட்டுப் பாருங்க. இடது பல்லுல இருக்கிற மாதிரியே வலது பல்லுலயும் ஜோடியா மெல்லிசா கோடு ஓடுதுன்னா அது அனேகமா ஃபுளோரோசிஸ். பல்லு ஈறுக்குள்ள உருவாகிட்டு இருந்தப்பவே, குடிச்ச தண்ணியில ஃபுளோரைடு அதிகமா இருந்ததால வந்தது. வெளிய இருந்து ஒட்டின கறை இல்ல. அதனால எந்த ஒயிட்னிங் பேஸ்ட்டைப் போட்டுத் தேச்சாலும் போகாது. பாவம், புள்ளையைப் போட்டுத் தேய்க்காதீங்க. அவ பெரியவளானதும் மறைக்க சிகிச்சை இருக்கு. அப்படி இல்லாம ஈறை ஒட்டின இடத்துல சுண்ணாம்பு பூசின மாதிரி மங்கலா, திட்டா இருந்தா அது சொத்தையோட ஆரம்பமா இருக்கலாம். அதை உடனே டாக்டர்கிட்ட காட்டணும்.

"அப்ப ஃபுளோரைடு இல்லாத பேஸ்ட் வாங்கிடறேன்"னு நிறைய பேர் சொல்றாங்க. அவசரப்படாதீங்க. சாப்பிட்ட மாவும் சர்க்கரையும் வாய்க்குள்ள அமிலமாகி, பல்லுல இருக்கிற கால்சியத்தை அரிக்கும். எச்சில் அதைத் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கும். அப்ப பக்கத்துல ஃபுளோரைடு இருந்தா, சேர்ற அந்தப் பூச்சு முன்னைவிட கெட்டியா நிக்கும். சொத்தையைத் தடுக்கறதுக்குப் பேஸ்ட்ல இருக்கிற முக்கியமான சரக்கே அதுதான். பல்லு மேல பட்டா நல்லது, சின்ன வயசுல வயித்துக்குள்ள போனாத்தான் தொந்தரவு. அதனால பையனுக்கு அளவுதான் மருந்து. மூணு வயசு வரைக்கும் ஒரு அரிசி அளவு, மூணுல இருந்து ஆறு வரைக்கும் ஒரு பட்டாணி அளவு. விளம்பரத்துல பிரஷ் முழுக்க அலை அலையா வைக்கிறாங்க பாருங்க, பெரியவங்களுக்கே அவ்வளவு வேண்டாம். ட்யூப் உங்க கையிலயே இருக்கட்டும், நீங்களே வச்சுக் குடுங்க. ஸ்ட்ராபெரி வாசனை பேஸ்ட் வாங்காதீங்க, மிட்டாய்னு நினைச்சுத்தான் அவன் முழுங்கறான். தண்ணியைச் சோதிச்சு ஃபுளோரைடு அதிகம்னு வந்தா, குறைவான ஃபுளோரைடு உள்ள குழந்தைகள் பேஸ்ட்டை உங்க பல் டாக்டர்கிட்ட கேட்டு வாங்குங்க. குடிநீர் வடிகால் வாரியத்தோட ஆய்வகத்துல தண்ணியைச் சோதிச்சுத் தருவாங்க. இன்னொண்ணு, கொதிக்க வச்சா ஃபுளோரைடு போகாது. தண்ணி வத்த வத்த இன்னும் கூடத்தான் செய்யும்.

அடுத்து மாமியார். அம்மா இவ்வளவு நாள் எதுல பல்லு விளக்கினாங்கன்னு கேளுங்க. சிவப்புப் பல்பொடியா இருந்தா எனக்கு ஆச்சரியமே இல்ல. "ஆலும் வேலும் பல்லுக்குறுதி"ன்னு சொல்லி வளர்ந்தவங்க, பேஸ்ட்டை லேசுல ஒத்துக்க மாட்டாங்க. வேப்பங்குச்சியை மென்னு நாராக்கி மெதுவா தேச்சா பரவாயில்ல. பொடியைத் தொட்டு விரலால பரபரன்னு தேய்க்கிறதுதான் பல்லைத் தேய்ச்சிடுது. ஈறுக்குப் பக்கத்துல நகத்தை வச்சுப் பாக்கச் சொல்லுங்க. மரத்துல கோடாலி போட்ட வெட்டு மாதிரி ஒரு பள்ளம் நகத்துல தட்டும். அந்த இடத்துல பல்லோட மேல் ஓடு, அதாவது எனாமல் போயி, உள்ள இருக்கிற பொடிப் பொடித் துவாரம் திறந்து கிடக்கு. தண்ணி பட்டதும் அது வழியா நரம்பு வரைக்கும் கூச்சம் ஏறுது.

அவங்களுக்கு சென்சிட்டிவ் பேஸ்ட் வாங்குங்க. அட்டையில பொட்டாசியம் நைட்ரேட் 5 சதவீதம்னு இருக்கான்னு பாருங்க. தலைவலி மாத்திரை மாதிரி அன்னிக்கே கேக்காது, தினம் ரெண்டு வேளை, குறைஞ்சது ரெண்டு வாரம் விடாம போடணும். மெத்துனு இருக்கிற பிரஷ்ஷா இருக்கட்டும். ஆனா ஒரே ஒரு பல்லு மட்டும் கூசுது, ராத்திரி தூக்கத்துல வலிச்சு எழுப்புதுன்னா பேஸ்ட்டை நம்பி உக்காராதீங்க. என்கிட்ட வந்த ஒரு அம்மா ஆறு மாசம் சென்சிட்டிவ் பேஸ்ட்டே போட்டுட்டு இருந்தாங்க. ரெண்டு பல்லுக்கு நடுவுல இருந்த சொத்தை அதுக்குள்ள நரம்புக்கே போயிடுச்சு. முதல் மாசமே வந்திருந்தா ஒரு அடைப்போட முடிஞ்சிருக்கும். எனக்கு இன்னிக்கும் மனசு கஷ்டமா இருக்கு.

உங்களுக்கும் வீட்டுக்காரருக்கும் தனியா எதுவும் வேண்டாம். நம்ம நாட்டுல ஃபுளோரைடு பேஸ்ட்டுக்கு 1000 பிபிஎம் (பத்து லட்சம் பங்குல ஆயிரம் பங்கு ஃபுளோரைடு)தான் உச்ச வரம்பு, அட்டையிலயே போட்டிருப்பாங்க. அந்த அளவுக்குக் கிட்டத்துல இருக்கிற சாதாரண வெள்ளை பேஸ்ட் போதும். கரி பேஸ்ட் வேண்டவே வேண்டாம், அது எனாமலைத் தேய்ச்சிடும். தேய்ஞ்ச எனாமல் திரும்ப வளராது. ட்யூப் அடியில இருக்கிற பச்சை, கறுப்புக் கோட்டைப் பாத்து இயற்கை, கெமிக்கல்னு பிரிக்காதீங்க. அது ட்யூபை வெட்டுற மெஷினுக்கான அடையாளம், அவ்வளவுதான்.

ராத்திரி விளக்கினதும் நுரையைத் துப்பிட்டு, பெரியவங்க தண்ணி விட்டுக் கொப்பளிக்காம அப்படியே படுங்க. பையனை மட்டும் நல்லா துப்ப வச்சு, வாயைக் கழுவி விடுங்க. தண்ணி சோதனை ரிசல்ட் வந்ததும் எனக்கு எழுதுங்க, பையனுக்கு என்ன பேஸ்ட்னு அதை வச்சுச் சொல்றேன்.