கழுத்துக் குழாய் முழுசாக அடைத்துவிட்டால்

நேயர்களுக்கு வணக்கம். நான் ஸ்கேன் பார்த்து ரிப்போர்ட் எழுதுகிற டாக்டர். உசிலம்பட்டி, மேலூர் பக்கமிருந்து பக்கவாதம் வந்தவரைக் கூட்டிவருகிற சொந்தக்காரர்கள் அநேகமாக எல்லோரும் கேட்பது இதைத்தான்: "ஹார்ட்டுக்கு ஸ்டென்ட் வைக்கிறாங்கல்ல சார், அதே மாதிரி கழுத்து அடைப்பையும் எடுத்துவிட்டுருங்க."

நியாயமான ஆசைதான். ஆனால் கழுத்து வழியாக மூளைக்கு ரத்தம் கொண்டுபோகிற குழாய் சுருங்குவது வேறு, முழுதாக அடைத்துப்போவது வேறு. வாதத்தின் அறிகுறி வந்தவருக்கு 70 சதவீதத்துக்கு மேல் சுருக்கம் இருந்தால் ஆபரேஷனால் பலன் உண்டு என்று 1991-லேயே வட அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வு காட்டிவிட்டது. நூறு சதவீதமும் அடைத்துவிட்டால் கணக்கு மாறிவிடும். மூளையின் அடியில் உள்ள ரத்தக்குழாய் வளையம் வழியாக மறுபக்கத்திலிருந்து ரத்தம் வந்துகொண்டிருப்பதால் பலர் மாத்திரையிலேயே நன்றாக இருக்கிறார்கள். அவர்களுக்குப் போய் கம்பி நுழைத்து, குழாய் கிழிந்தாலோ ரத்தக்கட்டி உடைந்து மேலே போனாலோ, இல்லாத வாதத்தை நாமே வரவழைத்த மாதிரி ஆகிவிடும். மாத்திரை சாப்பிட்டும் ரத்தம் போதாமல் கை மரப்பதும் பேச்சு குழறுவதுமாகத் திரும்பத் திரும்ப வருகிறவர்களுக்குத்தான் திறக்கிற யோசனையே.

சரி, யாருக்குத் திறக்கும்? தூர்ந்துபோன கண்மாய் வாய்க்காலை நினைத்துக்கொள்ளுங்கள். வாய்ப் பக்கம் கொஞ்ச தூரம் மட்டும் மண் மேவியிருந்தால் வெட்டிவிடலாம், கரையே தெரியாமல் கடைசிவரை தூர்ந்திருந்தால் எங்கே வெட்டுவது? படத்தில் நாங்கள் தேடுவதும் அதைத்தான். குழாய் பிரிகிற இடத்தில் மிச்சமிருக்கும் முனை கூம்பாக இருந்தால் கம்பிக்கு வழி பிடிபடும், மொட்டையாக இருந்தால் கஷ்டம். அப்புறம், அடைப்புக்கு மேலே ரத்தம் மறுபடி எந்த இடத்தில் தெரிகிறது என்பது. என்னைக் கேட்டால் இதற்குத்தான் நான் அதிக நேரம் செலவழிப்பேன். மண்டையோட்டு எலும்புக்குள் நுழைகிற இடத்திலேயே தெரிந்தால் அடைப்பு குட்டை. கண்ணுக்குப் போகிற கிளையையும் தாண்டித்தான் தெரிகிறது என்றால் நீளம், வாய்ப்பும் குறைவு. குழாயின் சுவரைக் காட்டுகிற எம்.ஆர்.ஐ. எடுத்தால், குழாய் சுருங்கி ஒட்டிப்போய்விட்டதா, அகலம் குறையாமல் உள்ளே கட்டி மட்டும் நிற்கிறதா என்பதும் தெரியும். சுண்ணாம்பு எங்கே படிந்திருக்கிறது என்பதை சி.டி. ஸ்கேன் சொல்லிவிடும்.

சில சமயம் டாப்ளரில் (கழுத்துமேல் கருவியை வைத்து ரத்த ஓட்டம் பார்க்கிற ஸ்கேன்) முழு அடைப்பு என்று எழுதியிருக்கும், ஊசியில் மருந்து போட்டு ரத்தக்குழாயைப் படம் எடுக்கிற சி.டி. ஆஞ்சியோவில் பார்த்தால் மெல்லிய இழையாக ரத்தம் ஓடிக்கொண்டிருக்கும். அது வேறு வைத்தியம். அதனால் டாப்ளர் தாளை மட்டும் பார்த்து "இனி ஒன்றும் செய்ய முடியாது" என்றோ "நாளைக்கே ஸ்டென்ட்" என்றோ யாராவது சொன்னால் ஆஞ்சியோ எடுத்தாயிற்றா என்று கேளுங்கள். சர்க்கரைக்காரர்கள் அதற்கு முன்னால் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுகிற கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை பார்த்துக்கொள்ள வேண்டும், ஊசியில் போடுகிற மருந்து சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறுகிறது.

இன்னொரு டாக்டரிடம் காட்டப் போகிறவர்கள் ரிப்போர்ட்டை மட்டும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். ஸ்கேன் படம் பதிந்த சி.டி. தட்டையும் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள்.