நாலாவது எல்லைக்கல் கிடைத்துவிட்டது!

வணக்கம் மக்களே. கையெல்லாம் மண். கழுவிவிட்டு வந்து கேமராவைப் போடலாம் என்று நினைத்தேன், பொறுமை இல்லை. இதோ பாருங்கள், இந்தக் கிணற்றடி மூலையில், தேங்காய் மட்டைக்கு அடியில், நாலாவது எல்லைக்கல். கல் என்று நாம் சொல்கிறோம், இங்கே இதற்குப் பாத்தோக் என்று பெயர். சிமென்ட் கலவை கொட்டி நிரப்பிய பி.வி.சி. குழாய்தான். தலையில் சிவப்பு பெயிண்ட் அடித்திருந்திருக்கிறார்கள், இப்போது வெளுத்து ரோஸ் கலரில் நிற்கிறது. ரெண்டு நாள் இதற்காகத் தோண்டியிருக்கிறேன்.

போன வீடியோவில் ஓடு ஒழுகிய கதையைச் சொல்லும்போதே மூன்று கல் தெரிகிறது, ஒன்றைக் காணோம் என்று சொல்லியிருந்தேன் இல்லையா, அதற்குக் கீழே நிறையப் பேர் "ஒரு கல்லுக்கு இவ்வளவு கவலையா" என்று கேட்டிருந்தீர்கள். கவலைதான். ஏன் என்று சொல்கிறேன்.

புதிதாக வந்தவர்களுக்காக ஒரு வரி: நான் இருப்பது பாலித் தீவின் மேற்கே, ஜெம்ப்ரானா மாவட்டம், பெகுதாதான் பக்கம். நீங்கள் படத்தில் பார்க்கும் பாலி வேறு, இது வேறு. கறுப்பு மணல், தென்னை, வயல், மேலே மலைப்பக்கம் போனால் கிராம்பை ரோட்டோரத்தில் பாய் விரித்துக் காயப்போட்டிருப்பார்கள், வண்டியில் போகும்போதே மூக்கில் ஏறும். ராத்திரி எட்டு மணிக்கு மேல் கடல் சத்தமும், தூரத்தில் கிலிமானுக் துறைமுகத்துக்குப் போகும் லாரிச் சத்தமும் மட்டும்தான்.

நான் இருக்கும் இடம் குத்தகை. 25 வருடம், முழுப் பணமும் முன்னாலேயே கொடுத்து, நோட்டாரிஸ் முன்னால் கையெழுத்துப் போட்டு எடுத்தது. இது ஏழாவது வருடம். நிலம் 4 ஆரே. இங்கே சென்ட், ஏக்கர் கிடையாது, ஆரேதான் பேச்சு. 1 ஆரே என்றால் 100 சதுர மீட்டர், நம் கணக்கில் கிட்டத்தட்ட இரண்டரை சென்ட். இருங்கள், 4 ஆரே என்று வாய்ப்பழக்கத்தில் சொல்லிவிட்டேன், சர்டிபிகேட்டில் 425 சதுர மீட்டர் என்று இருக்கிறது. பத்தரை சென்ட். அந்த 25 மீட்டர்தான் இன்றைய பேச்சே, அதை விட்டுவிடக் கூடாது.

விஷயம் என்னவென்றால், எனக்குக் குத்தகைக்கு விட்ட வீட்டுக்காரருடைய நிலத்துக்கு 2018-இலேயே பட்டா மாதிரியான சர்டிபிகேட் வந்துவிட்டது. பெ.தே.எஸ்.எல். என்று ஒரு அரசுத் திட்டம், 2017-இலிருந்து ஊர் ஊராக வந்து எல்லா நிலத்தையும் ஒரே மூச்சில் அளந்து பதிவு செய்துகொடுக்கிறார்கள். ஜாவாவிலும் பாலியிலும் கிராமத்தில் செய்யவேண்டிய முன்வேலைகளுக்கு 1,50,000 ரூப்பியாதான் கட்டணம். அப்போது பக்கத்து நிலத்துக்காரர், அதாவது வீட்டுக்காரரின் தம்பி, வெளியூரில் வேலையில் இருந்தார், அவர் நிலம் விட்டுப்போய்விட்டது. இப்போது அவர் தன்னுடையதைப் பதிவு செய்கிறார். அடுத்த வாரம் அளக்க ஆள் வருகிறார்கள். அளக்கும்போது சுற்றியுள்ள நிலத்துக்காரர்கள் எல்லோரும் எல்லையில் வந்து நின்று "ஆமாம், இதுதான் எல்லை" என்று ஒப்புக்கொள்ள வேண்டும். இந்த முறை எனக்கு ரொம்பப் பிடிக்கும். காகிதத்தை மட்டும் வைத்துக்கொண்டு யாரும் கோடு போட முடியாது, மண்ணில் ஆள் நிற்க வேண்டும்.

அண்ணன் தம்பிக்குள் சண்டை ஒன்றும் இல்லை. ஆனால் காணாமல்போன கல் இருந்த மூலையில்தான் என் கிணறு இருக்கிறது. அது என்ன கிணறு என்று பழைய வீடியோ பார்த்தவர்களுக்குத் தெரியும். கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் உப்புக் கரிக்காத தண்ணீர் இந்த ஒரு மூலையில்தான் ஊறுகிறது. சமையலறைக்குப் பின்னால் போட்ட குழாயில் வருவதைத் துணி துவைக்கக்கூட முடியாது, சோப்பு நுரைக்காது. கோடு கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளிப்போனால் கிணறு அவர் பக்கம் போய்விடும். அவர் தண்ணீர் தர மாட்டேன் என்று சொல்லமாட்டார், நல்ல மனுஷன். ஆனால் நாளைக்கு அவர் நிலத்தை வேறு யாராவது எடுத்தால்?

சர்டிபிகேட்டோடு ஒரு அளவுப் படம் இருக்கிறது, அதைப் பார்த்து அளந்துவிடலாம் என்றுதான் முதலில் இறங்கினேன். படம் 1:500 அளவில். ஸ்கேலை வைத்தால் 1 மில்லிமீட்டர் தவறினால் மண்ணில் அரை மீட்டர் போச்சு. படத்தில் போட்டிருக்கும் கோட்டின் தடிமனே அரை மில்லிமீட்டர் இருக்கும். முதல் நாள் முழுக்க அந்தப் படத்தை நம்பி வேலிப் பக்கம் தோண்டினேன், ஒன்றும் இல்லை. வேர்தான் இருந்தது. தென்னை வேரில் கடப்பாரை இறங்கவே இறங்காது, திருப்பி அடிக்கும்.

சாயங்காலம் வீட்டுக்காரரின் அம்மா வந்தார். டாடோங் என்றுதான் நான் கூப்பிடுவேன், பாலி மொழியில் பாட்டி. நான் தோண்டுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "தடாப் மரத்தை மறந்துவிட்டாயா" என்றார். தடாப் என்பது நம் கல்யாண முருங்கையின் இனம். இங்கே வேலிக்கும் எல்லைக்கும் நடுவார்கள், காய்ச்சலுக்கு இலையை அரைத்துப் பூசுவார்கள், பூஜைக்கும் அதன் இலை வேண்டும். நான் குடிவந்த புதிதில் அந்த மூலையில் ஒரு பெரிய தடாப் இருந்தது, ஒரு மழைக்காலத்தில் சாய்ந்துவிட்டது. அப்புறம் அந்த இடத்தில் அடுப்புக்கு என்று தேங்காய் மட்டையைக் குவித்துவிட்டோம். மூன்று வருடக் குவியல். எனக்கு உறைக்கவே இல்லை, பாட்டிக்கு மரம் நின்ற இடம் அங்குலம் பிசகாமல் நினைவில் இருக்கிறது.

இன்று காலை ஐந்தரைக்கு ஆரம்பித்து மட்டையை எல்லாம் அந்தப் பக்கம் மாற்றினேன். அடியில் மண்ணே வேறு, கறுப்பாக, ஈரமாக, மண்புழு நெளிகிறது. கம்பியால் ஒரு சாண் விட்டு ஒரு சாண் குத்திக்கொண்டே வந்தேன். சதக், சதக், சதக், டொக். அந்த டொக்! கையால்தான் மண்ணைத் தள்ளினேன், கடப்பாரை போடவில்லை, கல் அசைந்துவிட்டால் எல்லாமே வீண். விதிப்படி ஒரு மீட்டர் நீளக் குழாய், 80 சென்டிமீட்டர் மண்ணுக்குள், 20 வெளியே, வெளியே தெரிவது சிவப்பு. இது முழுசாக உள்ளே போயிருந்தது, மட்டை மக்கி மேலே மண்ணாகிவிட்டது. டேப்பை வைத்து அளந்தேன். கிணற்று விளிம்பிலிருந்து எல்லைக்கல் 140 சென்டிமீட்டர். கிணறு உள்ளே இருக்கிறது மக்களே, முழுசாக உள்ளே இருக்கிறது!

சரி, இதற்கு நடுவில் ஒன்று நடந்தது, அதைச் சொல்லத்தான் உண்மையில் கேமராவை எடுத்தேன். முதல் நாள் தோண்டிக்கொண்டிருந்தபோது ஒரு மகெலார், நிலத் தரகர், பைக்கில் வந்து இறங்கினார். தோண்டுவதைப் பார்த்ததும் நான் நிலம் வாங்கப் பார்க்கிறேன் என்று நினைத்துவிட்டார் போல. "குத்தகை எதற்கு? கடலைப் பார்த்த முன் நிலம் இருக்கிறது, சொந்தமாகவே வாங்கிவிடலாம், உள்ளூர் ஆள் பெயரில் போட்டுவிடுவோம், அவர் உங்களிடம் கடன் வாங்கியதாக ஒரு பத்திரம் பின்னால் எழுதிக்கொள்ளலாம்" என்கிறார். இதே யோசனையை கமென்டில் வாரம் நான்கு பேராவது கேட்கிறீர்கள். எனக்கு இது சுத்தமாகப் பிடிக்காது, ஒரு தடவை தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்.

இதற்கு நம்மிடம் அழகான பெயரே இருக்கிறது, பினாமி. இந்தோனேசியாவின் நிலச் சட்டம் 1960-இல் வந்தது. ஹக் மிலிக், அதாவது முழு உரிமை, அந்த நாட்டுக் குடிமகனுக்கு மட்டும்தான். வெளிநாட்டுக்காரனுக்கு நேராகவோ சுற்றி வளைத்தோ அந்த உரிமையை மாற்றிக் கொடுத்தால் அந்தக் கைமாற்றமே செல்லாது, நிலம் அரசுக்குப் போகும், கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்கவும் முடியாது. இது 26-ஆவது பிரிவில் அப்படியே எழுதியிருக்கிறது. கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்க முடியாது என்கிற வரியை மட்டும் மறக்காதீர்கள். வெளிநாட்டுக்காரருக்கு நேர்வழி இல்லாமலும் இல்லை. என் மாதிரிக் குத்தகை ஒன்று. தங்கும் அனுமதி இருந்தால் ஹக் பாக்காய் என்கிற பயன்பாட்டு உரிமை இன்னொன்று, 2021 விதிப்படி 30 வருடம், நீட்டிப்பு 20, புதுப்பிப்பு 30, மொத்தம் 80 வருடம். எண்பது வருடம் போதாதா ஒருவருக்கு?

அப்புறம் அந்த "கடலைப் பார்த்த முன் நிலம்". வாருங்கள், கேமராவைத் திருப்புகிறேன். அதோ அந்த மூன்று தென்னை, அதற்கு அந்தப் பக்கம் கற்றாழை மாதிரித் தெரியும் தாழம்புதர், அதுதான் அவர் காட்டிய இடம். கடல் உச்சமாக ஏறும் இடத்திலிருந்து நான் அடி வைத்து எண்ணினேன், 60 அடி எடுத்து வைத்தால் புதர் வந்துவிடுகிறது. கரையோரம் குறைந்தது 100 மீட்டர் பாதுகாப்புப் பகுதி என்பது இங்கே சட்டம். அதில் போய் வீடு கட்டுவதா? சட்டம் கிடக்கட்டும், கடல் சும்மா இருக்குமா? இதே ஜெம்ப்ரானாவில் நெகாரா பக்கம் பெபுவாஹான் என்று ஒரு கடற்கரை இருக்கிறது, சுட்ட மீன் கடைகளுக்குப் பெயர் போனது. அலை அரித்து அரித்து வீடுகளும் கடைகளும் போய்விட்டன. நான் போனபோது பாதி ஓடு பாதி சுவரோடு ஒரு சமையலறை கடலைப் பார்த்துத் திறந்து கிடந்தது. நிலமே அழிந்துபோனால் அதன் மேல் இருந்த உரிமையும் முடிந்தது என்று அதே 1960 சட்டம் சொல்கிறது. சர்டிபிகேட்டை வைத்துக்கொண்டு கடலிடம் போய்க் கேட்க முடியாது.

டோல் ரோடு வருகிறதே, விலை ஏறுமே என்று ஒருவர் கேட்டிருந்தார். கிலிமானுக்கிலிருந்து மெங்வி வரை வரவேண்டிய ரோடு. 2022 செப்டம்பரில் இங்கே பெகுதாதானிலேயே வேலை தொடக்கவிழா நடந்தது. அதற்குப் பிறகு வருடக்கணக்கில் அப்படியே கிடந்தது. வழியில் நிலம் வைத்திருந்தவர்கள் விற்கவும் முடியாமல் அடமானம் வைக்கவும் முடியாமல் தவித்ததைத்தான் நான் பார்த்தேன். வராத ரோட்டுக்கு விலை வைத்து விற்பவரை நம்பாதீர்கள்.

தரகர் போனதும் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை, அன்றும் குரல் உயரவில்லை, ஆனால் காபியைக் கீழே வைத்துவிட்டார். "அது லாபா புரா" என்றார். கோயில் நிலம். அதன் வருமானம் கரையோரக் கோயிலுக்கு. பாலியின் மௌனப் புத்தாண்டான ந்யேப்பிக்கு முன்னால் மெலாஸ்தி ஊர்வலம் கடலுக்குப் போகும் பாதையும் அதிலேதான் போகிறது, குடை, கொடி, சாமி எல்லாம் எடுத்துக்கொண்டு ஊரே அந்த வழியாகத்தான் இறங்கும், ரெண்டு வருடம் முன்னால் நான் வீடியோ போட்டேனே, அதே பாதை. அதை விற்க அந்த ஆளுக்கு யார் உரிமை கொடுத்தது? ஊர்ச் சபையில் சொல்லிவிட்டார், அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

சரி, பெயிண்ட். எல்லாக் கல்லுக்கும் புதுச் சிவப்பு அடிக்க வேண்டும், அளக்க வருகிறவர்களுக்குத் தெரிய வேண்டும். மெயின் ரோட்டுக் கடையில் சின்ன டப்பா 38,000 என்றார்கள். போன மாதம் கதவுக்கு வாங்கும்போது அதே டப்பா, அதே கம்பெனி, 27,000. பதினோராயிரம் கூட! ஒரு டப்பாவில் நாலு கல்லும் அடித்து மிச்சம் இருக்கும், ஒன்றுதான் வாங்கப்போகிறேன், இருந்தாலும் மனசு ஆறவில்லை. சந்தைக்குப் பின்னால் உள்ள கடைக்கு ஆறு கிலோமீட்டர் போனேன், 27,000-க்கே கிடைத்தது, அந்த அம்மா ஒரு பழைய பிரஷ்ஷும் சும்மா கொடுத்தார். இனி அந்தக் கடைதான் எனக்கு.

ஐயோ, முக்கியமானதைச் சொல்லவில்லை. கல் கிடைத்ததற்கு டாடோங் லாவார் க்ளுங்கா செய்கிறார். இளம் தேங்காயின் ஓடு இன்னும் கெட்டியாகாமல் இருக்கும் இல்லையா, அதைப் பொடிப்பொடியாக நறுக்கி வேகவைத்து, மசாலாவும் தேங்காய்த் துருவலும் போட்டுப் பிசைவது. ஜெம்ப்ரானாவின் சொந்தச் சாப்பாடு இது. ஓட்டைத் தின்னலாம் என்று எனக்கு இங்கே வந்துதான் தெரியும். மென்றால் கறுக்குக் கறுக்கென்று இருக்கும், எனக்கு உயிர்.

அளக்கும் நாள் செவ்வாய்க்கிழமை. இல்லை, புதன்கிழமை, செவ்வாய் தம்பி ஊரிலிருந்து வருகிறார். அனுமதி கிடைத்தால் அதைப் படம் பிடித்துப் போடுகிறேன். இப்போது முதல் கோட் பெயிண்ட் அடித்திருக்கிறேன், பாருங்கள், எவ்வளவு சிவப்பு. காய்வதற்குள் கோழி வந்து உரசிவிடும், கூடையைக் கவிழ்க்கப் போகிறேன். பாட்டியும் கூப்பிடுகிறார். வருகிறேன்.