நள்ளிரவுப் பசி

மாணவர்களே, எடையைப் பற்றிப் பேச வந்தவன் தட்டில் இருப்பதை எண்ணச் சொல்வான் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். அதற்கு முன் ஒரு கேள்வி. தேர்வுக்கு முந்தைய நள்ளிரவில் பசிக்கும்போது யாருக்காவது வெள்ளரிக்காய் தின்ன ஆசை வந்ததுண்டா? பிஸ்கட்டும் சிப்ஸும்தானே கண்ணில் படுகின்றன! அதற்கும் தூக்கக் குறைவுக்கும் தொடர்பு உண்டு.

2004-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் 12 இளைஞர்களை இரண்டு இரவுகள் நான்கு மணி நேரம் மட்டும் படுக்க விட்டார்கள். இன்னொரு முறை அவர்களுக்கே பத்து மணி நேரம் கொடுத்தார்கள். தூக்கம் குறைந்தபோது, ‘போதும்’ என்று மூளைக்குச் சொல்லும் லெப்டின் 18 சதவீதம் குறைந்திருந்தது; பசியைக் கிளப்பும் கிரெலின் 28 சதவீதம் கூடியிருந்தது. இனிப்பு, உப்புத் தீனி, மாவுப் பண்டங்கள் மேல்தான் ஆசை அதிகம் போனது. சின்ன ஆய்வுதான். பின்னால் வந்த எல்லா ஆய்வுகளிலும் ஹார்மோன் கணக்கு இப்படியே வரவில்லை. ஆனால் தூக்கம் குறைந்தவர்கள் கூடுதலாகச் சாப்பிடுவதைப் பலரும் கண்டார்கள்.

சரி, விழித்திருந்தால் உடம்பு அதிகமாக எரிக்குமே என்பீர்கள். எரிக்கும். கொலராடோ பல்கலைக்கழகம் 2013-ல் வெளியிட்ட ஆய்வில் அது சுமார் 5 சதவீதம்தான். ஆய்வில் கலந்துகொண்டவர்கள் சாப்பிட்டது அதையும் தாண்டியதால், தூக்கம் குறைந்த ஐந்தே நாளில் எடை ஏறக்குறைய 0.8 கிலோ ஏறியது. அவர்கள் காலையில் குறைவாகச் சாப்பிட்டு, இரவு உணவுக்குப் பிறகு கொறித்துத் தள்ளினார்கள். விடுதி அறைகளில் நடப்பதும் ஏறக்குறைய இதுதான். இதைப் போய் வாய்க்கட்டுப்பாடு இல்லை என்று திட்டுகிறோம்!

2022-ல் வந்த சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. ஆறரை மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கிய, எடை கூடிய 80 பேர். சிலருக்குத் தூக்கத்தை நீட்ட மட்டும் வழி சொன்னார்கள். உணவைப் பற்றிப் பேச்சே இல்லை. தூக்கம் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் கூடியது. மற்றவர்களோடு ஒப்பிட்டால் தினமும் சுமார் 270 கலோரி குறைவாக உண்டார்கள்.

பெற்றோருக்கும் ஒன்று. இரவாகிவிட்டது என்று உடம்புக்குச் சொல்லும் மெலடோனின் என்ற ஹார்மோன் பதின்வயதில் இரவில் தாமதமாகத்தான் சுரக்கிறது. பிள்ளைக்குப் பத்து மணிக்குத் தூக்கம் வராதது திமிர் அல்ல. 13 முதல் 18 வயது வரை எட்டிலிருந்து பத்து மணி நேரத் தூக்கம் தேவை. அதனால்தான் கலிபோர்னியாவில் 2022 முதல் பெரும்பாலான உயர்நிலைப் பள்ளிகள் காலை 8.30-க்கு முன் தொடங்கக்கூடாது என்று சட்டம் இருக்கிறது.

அப்புறம் காபி. மாலை ஆறு மணிக்குக் குடித்ததில் பாதி கஃபீன் பலருக்கு இரவு பதினொன்றுக்கும் உடம்பில் இருக்கும். பிற்பகலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். காலை உணவை விடாதீர்கள். படிக்கும்போது உண்மையிலேயே பசித்தால் சாப்பிடுங்கள். பட்டினி கிடந்து எடை குறைக்கப் பார்க்காதீர்கள். நன்றாகத் தூங்கியும் எடை சட்டென்று ஏறினாலோ, பலத்த குறட்டையோடு பகலெல்லாம் அசதி இருந்தாலோ, மருத்துவரிடம் காட்டுங்கள்.