நுவரெலியா கோல்ஃப் மைதானம்: ஆடிப் பார்க்கலாமா, விட்டுவிடலாமா?

கோயம்புத்தூரிலிருந்து ஒரு நேயர் கேட்டிருக்கிறார்: "பிப்ரவரியில் குடும்பத்தோடு இலங்கை போகிறோம். கண்டியில் ஓர் இரவு, நுவரெலியாவில் இரண்டு இரவு. என் ஹேண்டிகேப் 20 (ஒரு ரவுண்டுக்கு நிர்ணயித்த எண்ணிக்கையைவிடச் சுமார் 20 ஷாட் கூடுதலாக ஆடுபவன்). ஒரு ரவுண்டுக்குத்தான் நேரம் கிடைக்கும். நுவரெலியா மைதானம் பழையது, நீளமும் குறைவு, காசுக்குக் கேடு என்கிறார்கள் நண்பர்கள். பேசாமல் கண்டிப் பக்கம் விக்டோரியா கோல்ஃப் மைதானத்தில் ஆடிவிடலாமா? என் கோல்ஃப் செட்டையும் தூக்கிக்கொண்டு போக வேண்டுமா?"

நுவரெலியாவிலேயே ஆடுங்கள். உங்கள் ஆட்டத்துக்கும் உங்கள் பயணத்துக்கும் அதுதான் பொருந்தும்.

முதலில் அந்த நீளக் கணக்கைப் பார்ப்போம். நுவரெலியா 18 ஹோல் மைதானம், 6,000 கஜத்தை ஒட்டிய நீளம். ஹேண்டிகேப் 20 உள்ளவர் டிரைவரில், அதாவது அதிக தூரம் அடிக்கும் கிளப்பில், நல்லபடியாக அடித்தால் 200 கஜம் போகும். அவரை 7,000 கஜ மைதானத்தில் பின் டீயில், அதாவது ஆட்டம் தொடங்கும் இடங்களில் மிகத் தொலைவானதில், நிறுத்தினால் என்ன ஆகும்? ஒவ்வொரு பார் 4-லும் (நான்கு ஷாட்டில் முடிக்க வேண்டிய ஹோல்) இரண்டாவது ஷாட்டுக்கும் தூரம் அடிக்கிற ஃபேர்வே வுட்தான். குழி இருக்கும் கிரீனுக்கு முன்னால் பந்து நிற்கும், சிப் செய்து மேலே ஏற்றுவார். பத்தாவது ஹோலுக்குள் அலுத்துவிடும். நீளம் குறைந்த இடத்தில் ஒரு ஹோலுக்கு 5 அயர்ன், அடுத்ததற்கு 8 அயர்ன், அதற்கடுத்ததற்கு வெட்ஜ் என்று மாறிக்கொண்டே இருக்கும் (அயர்னில் எண் கூடக் கூடத் தூரம் குறையும், வெட்ஜ் அதைவிடக் குறைந்த தூரத்துக்கு). ஒரு மைதானத்தை எடை போட நான் முதலில் பார்ப்பது இந்த இரண்டாவது ஷாட்டைத்தான். அது உங்களை யோசிக்க வைக்கிறதா? யோசிக்க வைத்தால் அந்த இடத்துக்குப் போகலாம். எந்தப் பெரிய பட்டியலிலும் அதன் பெயர் வராவிட்டால் என்ன?

நுவரெலியா நன்றாகவே யோசிக்க வைக்கும். பிரிட்டிஷ்காரர்கள் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமைத்த மைதானம் அது. பந்து அடித்துப் போகும் புல்வெளிப் பாதைகளான ஃபேர்வேக்கள் குறுகல், இரு பக்கமும் ஓங்கி வளர்ந்த மரங்கள், நடுநடுவே ஓடைகள். பல ஹோல்களில் டிரைவரை உறையிலேயே விட்டுவிட்டு அதைவிடத் தூரம் குறைந்த 5 வுட்டோ ஹைப்ரிடோ எடுப்பதுதான் புத்திசாலித்தனம். பந்து மரத்துக்குள் போய்விட்டதா? அங்கிருந்து கிரீனைப் பார்த்து அடிக்காதீர்கள். பக்கவாட்டில் ஃபேர்வேக்கு எடுத்துவிட்டு ஒரு ஸ்ட்ரோக்கோடு தப்பித்துக்கொள்ளுங்கள். ஓங்கி அடிப்பதில் மட்டுமே சந்தோஷம் காண்பவருக்கு இந்த மைதானம் பிடிக்காது. உங்கள் நண்பர்கள் அப்படி ஆடுபவர்களாக இருக்கலாம்.

மைதானத்துக்குக் கொடுக்கும் ஸ்லோப் ரேட்டிங்கைப் பார்த்து முடிவு செய்யலாமா என்று பலரும் கேட்கிறீர்கள். 55-இலிருந்து 155 வரை போகும் எண் அது, 113-ஐ நடுத்தரம் என்று வைத்திருக்கிறார்கள். திறமையான ஆட்டக்காரரைவிடச் சாதாரண ஆட்டக்காரர் அங்கே எவ்வளவு கூடுதலாகத் திணறுவார் என்பதை மட்டுமே அது காட்டும். மைதானம் நல்லதா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. ஸ்கோர் கார்டு கையில் கிடைத்தால் நான் பார் 3 ஹோல்களின் தூரத்தைத்தான் பார்ப்பேன். எல்லாமே 150, 155, 160 என்று இருந்தால் எல்லாவற்றுக்கும் ஒரே கிளப்தான். 120-உம் 190-உம் கலந்து வந்தால், வடிவமைத்தவர் மனம் வைத்து வேலை செய்திருக்கிறார் என்று அர்த்தம்.

இன்னொன்று, ஊரின் உயரம். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர். காற்றின் அடர்த்தி குறைவதால் பந்து கூடுதலாகப் பறக்கும். கோயம்புத்தூரில் 150 கஜம் போகிற ஷாட் அங்கே எட்டு ஒன்பது கஜம் அதிகம் போகலாம். ஆனால் பிப்ரவரிக் காலைக் குளிரில் பந்தின் துள்ளல் குறையும், உடம்பும் விறைத்திருக்கும், அந்த லாபத்தில் பாதி போய்விடும். அதனால் காலையில் ஒரு கிளப், வெயில் ஏறியதும் வேறு கிளப் என்று கணக்கு மாறும். உங்கள் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே வரும் கேடி சொல்வதைக் கேளுங்கள். மலையகத் தமிழர்கள் நிறைந்த ஊர் என்பதால் தமிழிலேயே பேசிக்கொள்ள வாய்ப்பும் அதிகம்.

விக்டோரியாவைக் குறைத்துச் சொல்லவே மாட்டேன். திகனவில், விக்டோரியா நீர்த்தேக்கத்தின் ஓரத்தில் டொனால்ட் ஸ்டீல் வடிவமைத்து 1999-இல் திறந்த மைதானம். பார் 73, அகலமான ஃபேர்வே, மேடு பள்ளம், பல இடங்களில் தண்ணீரும் மலையும் கண்ணில் படும். கோல்ஃபுக்காகவே போகிற நான்கு நண்பர்கள் என்றால் அங்கேதான் அனுப்புவேன். உங்கள் நிலைமை வேறு. கண்டியில் இருப்பதே ஓர் இரவு. திகன போய், ஆடி, திரும்பி, அப்புறம் மலைப் பாதையில் மூன்று மணி நேரம் நுவரெலியாவுக்கு ஏறினால் அந்த நாள் முழுக்கக் குடும்பம் காருக்குள்தான். நுவரெலியா மைதானமோ ஊருக்கு நடுவில் இருக்கிறது. நீங்கள் ஆடும் நேரத்தில் வீட்டில் உள்ளவர்கள் விக்டோரியா பூங்காவுக்கு நடந்தே போகலாம், கிரகரி ஏரிக்கும் போய் வரலாம்.

பிப்ரவரி நல்ல தேர்வு, மழை குறைவான மாதம். ஏப்ரலாக இருந்தால் யோசிக்கச் சொல்லியிருப்பேன். புத்தாண்டை ஒட்டி அங்கே சீசன், குதிரைப் பந்தயம், மலர்க் கண்காட்சி என்று ஊரே நெரியும்.

பணம் கட்டுவதற்கு முன் கிளப்புக்கு ஒரு போன் போடுங்கள். கிரீன்களில் துளை போட்டு மணல் நிரப்பும் வேலை சமீபத்தில் நடந்ததா என்று கேளுங்கள். நடந்திருந்தால் இரண்டு மூன்று வாரத்துக்குப் பந்து குதித்துக் குதித்துத்தான் ஓடும், பந்தைக் குழிக்குள் உருட்டும் பட்டிங்கில் சுகம் இருக்காது. நீங்கள் போகும் நாளில் உறுப்பினர்களுக்கான போட்டி இருக்கிறதா, வெளியாட்களுக்கு எந்த நேரம் தருவார்கள் என்பதையும் கேட்டுவிடுங்கள். மூன்றாவதாக, வாடகை செட் எந்த நிலையில் இருக்கிறது என்று விசாரியுங்கள்.

ஒரே ரவுண்டுக்காக முழு பையையும் விமானத்தில் ஏற்றுவது வீண். ஷூ, கிளவ், மெல்லிய ஸ்வெட்டர், நீங்கள் வழக்கமாக ஆடும் பந்து ஒரு டஜன், இவ்வளவு போதும். டஜன் என்றால் டஜனே எடுத்துக்கொள்ளுங்கள், அந்த மரங்களுக்கு நடுவில் ஆறு பந்து பத்தாது.