விஜய் அமிர்தராஜ்: தவறவிட்டவரா, சாதித்தவரா?

நடுவர் அவர்களே, எங்கள் அணிக்குத் தலைப்பு ‘டென்னிஸ் வீரர் விஜய் அமிர்தராஜ் சாதித்தவரே’. எனக்கு முன்னால் பேசிய தம்பி ‘கிராண்ட்ஸ்லாம் என்கிற நான்கு பெரிய போட்டிகளில் ஒற்றையர் பட்டம் ஒன்று கூட இல்லை, அரையிறுதி கூட இல்லை, அப்புறம் சினிமாவுக்குப் போய்விட்டார்’ என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். கைதட்டலும் வாங்கினார். சரி, கணக்கைப் பார்ப்போம்.

1981 விம்பிள்டன் காலிறுதியில் ஜிம்மி கானர்ஸுக்கு எதிராக முதல் இரண்டு செட்டையும் எடுத்துவிட்டு ஐந்தாவதில் தோற்றார். வலிதான், ஒப்புக்கொள்கிறேன். 1973-ல் அதே காலிறுதியில் அவரை ஐந்து செட்டில் வென்ற யான் கோடெஸ்தான் அந்த ஆண்டு கோப்பையைத் தூக்கினார். ஆனால் அதே 1973-ல் அமெரிக்க ஓப்பனில் டென்னிஸ் ஜாம்பவான் ராட் லேவரையும், அடுத்த ஆண்டு அதே இடத்தில் இன்னொரு ஜாம்பவான் பியான் போர்க்கையும் வீட்டுக்கு அனுப்பியதைத் தம்பி ஏன் சொல்லவில்லை? நுரையீரல் நோயில் அடிக்கடி ஆஸ்பத்திரியில் கிடந்த சென்னைப் பையன் அவர். அவருக்குப் பதிலாக அவருடைய அம்மா மேகி பள்ளிக்குப் போய் வகுப்பில் உட்கார்ந்து நோட்ஸ் எடுத்து வந்திருக்கிறார். அந்தப் பையன் லேவரை ஜெயித்தபோது வயது 19.

இப்போது நாடுகள் அணியாக மோதும் டேவிஸ் கோப்பைக்கு வருகிறேன், என் வழக்கே அங்கேதான் இருக்கிறது. 1974-ல் கல்கத்தாவில் ஆஸ்திரேலியாவோடு நடந்த மோதலில் மொத்தம் 327 கேம்கள், வெயிலில் நாள்கணக்காக ஆடி இவருடைய இந்திய அணி ஜெயித்தது. புனேயில் சோவியத்தையும் சாய்த்து இறுதிக்குப் போனால் எதிரே தென்னாப்பிரிக்கா. நிறவெறி அரசோடு ஆட மாட்டோம் என்று இந்தியா விலகியது, கோப்பை ஆடாமலேயே அந்தப் பக்கம் போனது. இதை ‘தவறவிட்டது’ கணக்கில் எழுதுவீர்களா தம்பி? எழுதினால் எந்தப் பத்தியில்?

சினிமாவுக்குப் போனாராம். போனார், ஜேம்ஸ் பாண்ட் படத்தில் நடித்தார், 1983-ல். அதற்கு நான்கு வருஷம் கழித்து, 33 வயதில், டேவிஸ் கோப்பையில், டெல்லி புல்தரையில் அர்ஜென்டினாவின் மார்ட்டின் ஹைட்டேயிடம் இரண்டு செட் பின்தங்கி, மேட்ச் பாயிண்ட்டிலும் மாட்டி, அங்கிருந்து எழுந்து வந்து ஜெயித்தார். ஒரு பந்து தப்பியிருந்தால் கதை முடிந்திருக்கும். அது முடியாததால்தான் அந்த அணி சிட்னி வரை போய், ரமேஷ் கிருஷ்ணனும் இவருமாக ஆஸ்திரேலியாவை அதன் மண்ணிலேயே வென்று, மறுபடியும் இறுதிக்கு வந்தது. ஸ்வீடனிடம் 5-0 என்று உதை வாங்கினோம், அதையும் மறைக்கவில்லை.

மணியைத் தொடாதீர்கள் நடுவர் அவர்களே, ஒரே கேள்விதான். அடுத்துப் பேசப்போகும் அம்மா இங்கேயே பதில் சொல்லட்டும்: 1974-ல் நீங்கள் அந்த அணியில் இருந்திருந்தால், கோப்பைக்காகத் தென்னாப்பிரிக்காவோடு ஆடியிருப்பீர்களா?