தீவுக் காடும் நம்ம ஊர்க் குளமும்

(செங்கோட்டையில் வாசகர் வட்ட ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நகர்மன்ற உறுப்பினர் அம்மா அவர்களே, புனலூரிலிருந்து மலைப்பாதை ரயிலேறி வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மலையாள ஆசிரியப் பெருமக்களே, மைக் செட் தம்பி உட்பட அனைவருக்கும் வணக்கம். செயலாளர் அண்ணாச்சியைத் தனியாகச் சொல்லாவிட்டால் அடுத்த ஆண்டு அழைக்கமாட்டார். அவருக்கும் வணக்கம்.

'குடும்பத்தோடு அந்தமான்' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். பறவை, குளியல், செலவு என்று மூன்றாகப் பேசுகிறேன். 'ஆழம் தெரியாமல் காலை விடாதே' என்ற பழமொழி இல்லாமல் நான் மேடை இறங்குவதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். இன்றைக்கும் வரும்.

பறவை பார்க்கக் குடும்பமா என்று சிலர் சிரிக்கிறார்கள். 1933-இல் பறவை அறிஞர் சாலிம் அலி திருவிதாங்கூர்ப் பறவைகளை ஆராய வந்தபோது அவர் மனைவி தெஹ்மினாவும் கூடவே காட்டு முகாம்களில் தங்கினார். அப்போது செங்கோட்டையும் அந்த சமஸ்தானம்தான். 1956-இல்தான் நாம் தமிழ்நாட்டுப் பக்கம் வந்தோம்.

சரி, அந்தமானுக்கு வருவோம். தெற்கு அந்தமானின் தென்கோடியில் சிடியா தாப்பு என்று ஓர் இடம். கடற்கரை வரைக்கும் காடு இறங்கி வந்திருக்கும். விடியுமுன் என் மனைவி, மகன், மகள், மாமியார் எல்லோரும் வரிசையாக நிற்கிறோம். இருப்பது ஒரே பைனாகுலர். அது மகனிடம். எங்களுக்குப் பார்க்க வேண்டியது அந்தமான் மரங்கொத்தி. உடம்பெல்லாம் கறுப்பு, தலையில் சிவப்புக் கொண்டை, அந்தமான் தீவுகளைத் தவிர வேறெங்கும் கிடையாது. வழிகாட்டித் தம்பி உதட்டில் விரலை வைத்துவிட்டான். மூச்சு விடவில்லை யாரும். மாமியார் மட்டும் முறுக்கு டப்பாவைத் திறப்பதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். திடீரென்று டொக் டொக் டொக் என்று சத்தம். நாங்கள் அண்ணாந்து தேடுகிறோம், ஒன்றும் தென்படவில்லை. மாமியார் சத்தமாகச் சொன்னார்: "ஏ, யாருன்னு பாரு, கதவத் தட்டுதாவ!"

நடுக்காட்டில் கதவு ஏது? வழிகாட்டித் தம்பி குனிந்து சிரிக்கிறான், மகள் வாயைப் பொத்திக்கொண்டு ஓடுகிறாள். ஆனால் மாமியார் கை நீட்டிய திசையில்தான் பறவை இருந்தது. பைனாகுலர் வைத்திருந்தவனுக்குக் கடைசியில்தான் தெரிந்தது!

நார்கொண்டம் இருவாச்சியைப் பற்றியும் சொல்ல ஆசை. அந்தமானில் சுமார் 7 சதுர கிலோமீட்டர் உள்ள நார்கொண்டம் என்ற ஒரே தீவில் மட்டும் வாழும், பெரிய அலகுள்ள பறவை அது. இருவாச்சி பார்க்க அவ்வளவு தூரம் வேண்டாம் என்பவர்கள் பக்கத்தில் கேரளத்துத் தென்மலைக்குப் போங்கள். செந்துருணிக் காட்டில் சாம்பல் இருவாச்சி உண்டு.

அப்புறம் குளியல். அந்தமானில் உவர்நீர் முதலை உண்டு. அதனால் வண்டூர் கடற்கரையில் கடலுக்குள் வலை கட்டி, அதற்குள்தான் குளிக்க விடுகிறார்கள். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பதை அங்கே வலை போட்டே சொல்கிறார்கள். உள்ளூர்ப் பிள்ளைகள் சர்வ சாதாரணமாக நீந்துகிறார்கள். என் பிள்ளைகள் முழங்கால் நனைந்ததும் அலறுகிறார்கள். எங்களில் நீந்தியது ஒரே ஆள்தான். மாமியார்! சேலையை வரிந்து கட்டிக்கொண்டு வலை ஓரம் வரைக்கும் போய் வந்தார். எங்கே படித்தார்? இந்த ஊர்க் குளத்தில், பத்து வயதில், அக்காமார்களோடு.

அந்தக் குளம் இன்றைக்கு ஆகாயத்தாமரை மூடிக் கிடக்கிறது. பிள்ளைகளிடம் ஆழம் தெரியாமல் காலை விடாதே என்கிறோம். ஆழம் தெரிந்துகொள்ள ஊரில் எந்தத் தண்ணீரை விட்டுவைத்திருக்கிறோம்? குற்றாலத்தில் தலையை நனைப்பது நீச்சல் ஆகாது. குளம் சுத்தமானால் நீர்க்காகமும் நாமக்கோழியும் தானாக வரும். அதிகாலையில் பறவை, அப்புறம் நீச்சல், விமான டிக்கெட்டே வேண்டாம்.

செலவு பற்றிப் பேசுவதற்குள் தலைவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டார். குளத்தைத் தூர்வாரி, படித்துறையைச் சரிசெய்து, ஆழம் குறித்த பலகை வைத்து, பெண்பிள்ளைகளுக்குத் தனி நேரம் ஒதுக்கி நீச்சல் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று மனு எழுதியிருக்கிறோம். வாசலில் நோட்டோடு தம்பி நிற்கிறான். கையெழுத்து போட்ட பிறகுதான் காபி. முதல் கையெழுத்து நகர்மன்ற உறுப்பினர் அம்மா போடுவதாகத் தலையசைத்துவிட்டார்கள், செயலாளர் அண்ணாச்சி குறித்துக்கொள்ளவும். வணக்கம்.