தும்புத்தூளில் இல்லாத கூட்டாளி

வணக்கம் நேயர்களே. தொடர்மாடி பல்கனியில் மிளகாய் வைத்தவர்களுக்கு இது தெரிந்த கவலைதான்: தும்புத்தூள் போட்டாயிற்று, பசளையும் போட்டாயிற்று, கன்று மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறது. இதற்குக் காரணம் பல. நான் சொல்ல வந்தது அதிகம் பேசப்படாத ஒன்றை. தும்புத்தூள் ஈரம் பிடிக்கும். ஆனால் மைக்கோரைசா, அதாவது செடியின் வேரோடு கூடிவாழும் பங்கசு, அதில் இராது.

பெயர் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். பிரஷ்ய அரசு, நிலத்துக்கடியில் விளையும் விலைகூடிய ட்ரஃபிள் காளானைப் பயிரிட வழி பார்க்கும்படி பிராங்க் என்ற ஜேர்மன் தாவரவியலாளரைக் கேட்டது. தேடப்போனது காளானை, அவர் கண்டது வேறு. நல்ல திடமான மரங்களின் வேர்நுனியெல்லாம் காலுறை போட்டாற்போல் பங்கசு. பங்கசு என்றாலே நோய் என்றிருந்த காலம் அது. அவரோ, மரத்துக்கு இது செவிலித்தாய் என்றார். 1885இல் பெயரும் வைத்தார்: கிரேக்கத்தில் மைக்கெஸ் என்றால் காளான், ரைசா என்றால் வேர்.

நம் மிளகாயிலும் தென்னையிலும் இருப்பது வேருக்குள்ளேயே புகுந்துவிடும் இன்னொரு வகை. கண்ணுக்குத் தெரியாது. கூட்டெருவில் வெள்ளை நூல் பார்த்து மகிழ்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அது பெரும்பாலும் இலை உக்கவைக்கும் பங்கசு, இதுவல்ல.

கொழும்புப் பக்கத்துக் கபுக் எனும் செம்பூராங்கல் மண்ணில் இரும்பும் அலுமினியமும் பொசுபரசை இறுக்கிப் பிடித்துவிடும். வேர் தன்னைச் சுற்றி ஓரிரு மில்லிமீற்றருக்குள் உள்ளதை எடுத்து முடித்தபின் பட்டினிதான். வேர்மயிர் நுழையாத இடுக்கிலும் பங்கசு இழை நுழைந்து, பல சென்ரிமீற்றர் தள்ளியிருப்பதைக் கொண்டுவருகிறது. கூலியாகச் செடி ஆக்கிய உணவில் 20 சதவீதம் வரைகூடப் போகலாம். ஆகவே ரி.எஸ்.பி. என்னும் பொசுபரசுப் பசளையை அள்ளிப்போட்டால் செடி கதவைச் சாத்திவிடும். கையில் சோறிருக்கக் கூலிக்கு ஆள் எதற்கு? திரும்பவும் சொல்கிறேன்: பொசுபரசு மிஞ்சினால் பங்கசு ஏறாது.

வீட்டிலேயே பெருக்கலாம். புல்லும் மரமும் பல காலமாக நிற்கும் இடத்தில், மேல் 15 சென்ரிமீற்றருக்குள், மெல்லிய வேர்களோடு மண் எடுங்கள். ஒரு பங்கு மண், மூன்று பங்கு கழுவிய ஆற்றுமணல். அடியில் துளையிட்ட வாளியில் நிரப்பிச் சோளம் விதையுங்கள். பொசுபரசுப் பசளை வேண்டாம். மூன்று மாதம் கழித்துத் தண்ணீரை நிறுத்தி, பத்து நாளில் தண்டை அறுத்து, வேரைச் சிறுசிறு துண்டாக நறுக்கி அதே மணலோடு கலந்து நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் வேண்டாம். நடும்போது ஒரு கைப்பிடி, கன்றின் வேரில் படும்படி. மேலே தூவினால் வீண். பலன் தெரிய ஒரு மாதமாவது ஆகும். அதற்குள் பங்கசுநாசினி ஊற்றிக் கெடுக்காதீர்கள். தக்காளி, கத்தரி வாடிய பாத்தியில் மண் எடுத்தால் வாடல் நோயும் வேர்முடிச்சுப் புழுவும் கூடவே வந்துவிடும்.

நேரம் முடிகிறதென்று கண்ணாடிக்கு அப்பால் கை காட்டுகிறார்கள். சிங்கராஜக் காட்டின் ஹொர மரங்களைப் பற்றி விரிவாகச் சொல்ல இருந்தேன். அவற்றின் வேரில் இருப்பது பிராங்க் பார்த்த காலுறை வகை. மரங்கள் பங்கசு வழியே பேசிக்கொள்கின்றன என்பதை மட்டும் அப்படியே நம்பிவிடாதீர்கள். 1997இல் கனடாவில் சுசான் சிமார்ட் குழு மரத்துக்கு மரம் காபன் போவதை அளந்தது உண்மை. அதில் பங்கசுவின் பங்கு எவ்வளவு என்பதில் விஞ்ஞானிகளிடையே இன்னும் வழக்கு முடியவில்லை.

ஒன்றை மறந்துவிட்டேன்: கோவா, முள்ளங்கி, பீற்றூட் நடுபவர்கள் அந்தக் கைப்பிடியை வீணாக்க வேண்டாம். அவற்றின் வேரில் இது ஏறுவதில்லை. வணக்கம்.